குறையாத பிரேக் ஆயில்

"மிதி" என்றது காருக்கு அடியிலிருந்து வந்த குரல். ஜெசிந்தா மிதித்தாள். "இன்னொருக்க. இன்னொருக்க. ம், இப்ப அப்படியே அமுக்கிப் பிடிச்சிக்க." பிடித்துக்கொண்டாள். பின்னால் இடது சக்கரத்துப் பக்கம் ஸ்பேனர் கிணுங்கியது. காலுக்குக் கீழே பிரேக் பெடல், ஊறிய அவலை அழுத்தினாற்போல, ஒரு எதிர்ப்பும் இல்லாமல் அமிழ்ந்து தரைவரை போய் நின்றது. அடியில் எங்கோ பாட்டிலுக்குள் காற்று களக்களக்கென்று வெளியேறும் சத்தம். "பிடிச்சிருக்கியா?" "பிடிச்சிருக்கேன்." ஸ்பேனர் மறுபடி திரும்பியது. "இப்ப விடு." விட்டாள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி வெயிலில், சொந்த வீட்டு முற்றத்தில், நாலு இரும்பு முக்காலிகளின் மேல் தூக்கி நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து, எங்கேயும் போகாமல் பிரேக் மட்டும் போட்டுக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை இந்தத் தூத்துக்குடியில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவேண்டிய நினைப்புதான். வரவில்லை. அடியில் கிடந்த அவள் புருஷன் கஸ்பார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: புதுக் குழாய் மாட்டியாச்சு, ஆனால் உள்ளே காற்று ஒரு பொட்டு நின்றாலும் பிரேக் பிடிக்காது, நாலு சக்கரத்திலும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், அதற்கு ஆள் ரெண்டு வேண்டும், மிதிக்க ஒன்று, திறந்து மூட ஒன்று. நான் சொல்லாமல் காலை எடுத்தாயானால் எடுத்த காற்று பூராவும் திரும்ப உள்ளே ஏறிக்கொள்ளும், இன்றைக்குப் பட்ட பாடு அத்தனையும் வீண். சரி என்றாள். முப்பது வருஷமாகச் சரி என்றுதான் சொல்லிவருகிறாள், இடையில் நாலைந்து தரம் சொல்லாமல் இருந்ததற்கெல்லாம் பலன் உண்டு, இந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதே அப்படி ஒரு பலன்தான். ஆனால் இன்றைக்குச் சொல்ல வேண்டியது சரி அல்ல. இன்றைக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் காலையிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறாள்.

"மிதி." மிதித்தாள். வாசல் செம்பருத்திச் செடிக்குக் கீழே பழைய குழாய் கிடந்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இரும்புக் குழாய், எட்டு முழ நீளம், காரின் வயிற்றோடு ஒட்டி எங்கெங்கே வளைந்து போயிற்றோ அத்தனை வளைவோடும் மண்ணில் கிடந்தது. அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் நேற்று பூராவும் கஸ்பார் புதுச் செம்புக் குழாயை வளைத்தார். நீளம் அளக்க அவளுடைய தையல் பெட்டியிலிருந்து நூல்கண்டு கேட்டு வாங்கினார். வளைவுக்குக் கண்ணாடிப் பாட்டில், சின்ன வளைவுக்குக் கடுகு டப்பா. கப்பல் ஏஜென்சியில் கணக்குப்பிள்ளையாக இருக்கிற மனுஷன், மெக்கானிக்கிடம் காரை விட்டதாகச் சரித்திரமே கிடையாது, அடுத்தவன் கை பட்டால் வண்டிக்கு மனசு ஒடிந்துபோகும் என்பார். முனையை மட்டும் பட்டறையில் விரித்து வாங்கி வந்தார். பழைய குழாயைக் கழற்றிய அன்று அதை அவளிடம் நீட்டினார். கீழ்ப்பக்கம் சும்மா பழுப்பாக இருந்தது, அவ்வளவுதான். மேல்பக்கம், கார் தகட்டோடு ஒட்டியிருந்த பக்கம், அப்பளம் உதிர்கிற மாதிரி உதிர்ந்தது. "பாத்தியா, நாம பாக்காத பக்கமா தின்னுருக்கு" என்றார். பிறகு வெகுநேரம் கழித்து, "நான்தான் ஊத்தி ஊத்தி வளத்திருக்கேன்" என்றார். உப்புக்காற்று இருக்கிற ஊரில் காரைக் கழுவாமல் விடக்கூடாது என்பது அவருடைய சட்டம். இருபத்திரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல், மேலே கழுவுவது போதாதென்று ஹோஸைப் பிடித்துக்கொண்டு குனிந்து அடியிலும் பீய்ச்சி அடிப்பார். எதை? வீட்டுப் போர் தண்ணீரை. சோப்பு நுரைக்காத தண்ணீர், வாளி ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற தண்ணீர், சோறு பொங்கினால் மஞ்சளாகிப்போகும் என்று குடத்தில்கூடப் பிடிக்காத தண்ணீர். காற்றில் வந்த உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர். வேறு யாராவது செய்திருந்தால் கஸ்பார் தெருமுனைவரை சொல்லிச் சிரித்திருப்பார்.

"விடு. மிதி." அவர் சிரித்தே ஒன்பது நாளாகிறது. போன வாரம் வியாழக்கிழமை, ஏழரை மணிக்குத்தான் போன் வந்தது, காலை ஏழரை. "அம்மா, மொதல்ல பயப்படாத" என்றாள் ரின்சி. அப்படி ஆரம்பிக்கிற பேச்சில் பயப்படாமல் என்ன செய்வது? தையல் மிஷினின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டது நினைவிருக்கிறது. அப்பாவும் மகளும் ஆத்தூருக்கு ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முள்ளக்காடு தாண்டி, ரெண்டு பக்கமும் உப்பளம், முன்னால் போன பஸ் ஆள் இறக்க நின்றது. கஸ்பார் பிரேக்கை மிதித்திருக்கிறார். பெடல் தரைக்குப் போய்விட்டது. இன்னொரு மிதி, அதுவும் தரைக்கு. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரோட்டை விட்டு இடதுபக்கம் திருப்பி, ஓலை மூடிக் கிடந்த ஒரு உப்பு அம்பாரத்தில் கொண்டுபோய் ஏற்றி நிறுத்திவிட்டார். முன்னே நின்ற பஸ்ஸில் ஏறினவன் இறங்கினவன் யாருக்கும் ஒரு விஷயமும் தெரியாது. ரின்சிக்குத் தாடையில் ரெண்டு தையல். இருபத்துநாலு வயசுப் பெண்ணுக்கு, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு, வலி தெரியாமல் தையல் போட அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆட்கள் இருந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஜெசிந்தாவுக்கு மட்டும் அது முடியவில்லை. சமையல் கட்டில் நிற்கும்போது அந்த பஸ் நிற்கும், குளிக்கும்போது நிற்கும், பூசையில் எல்லாரும் முழங்கால் போடும்போது அது நின்று ஆள் இறக்கும். அவள் நினைப்பில் உப்பு அம்பாரம் சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது.

"அப்பிடியே பிடி." பிடித்தாள். அன்றைக்கு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து நிறுத்தியதும் கஸ்பார் முதல் காரியமாக முன்மூடியைத் தூக்கிப் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். ஒரு டம்ளர் அளவுகூட இல்லாத வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, வெளியிலிருந்தே மட்டம் தெரியும், கோடு போட்டிருக்கும். வறண்டு கிடந்தது. "ஞாயித்துக்கிழம பாத்தேனே" என்றார். "முழுசா இருந்துச்சே." இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், அவர் அந்த டப்பாவைப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து, "ஒரு நூல் எறங்கல" என்று இட்டிலிக்கு உட்காருவார். அதைக் கேட்டால்தான் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை. அந்த வியாழக்கிழமை அவர் "முழுசா இருந்துச்சே" என்று நாலைந்து தரம் சொன்னார், ஒவ்வொரு தரமும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் அது கேள்வியாகிவிட்டது. தாடையில் பஞ்சு ஒட்டியிருந்த ரின்சி, கோபத்தில்தான், மகளின் கோபத்தில்தான், "அப்பா, இனிமே நீங்க ஓட்ட வேண்டாம்" என்றாள். ஒரு ஆட்டம் ஆடித் தீர்ப்பார் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். "ஆமாம்மா, அதுதான் சரி" என்றார். "பைப்ப மாத்தி ஏர் எடுத்து உன் கையில சாவியக் குடுத்துருதேன். இனி நான் தொடல." அவ்வளவு லேசாக. அவர் கத்தியிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்.

"விடு. இதுக்குப் போதும். ஏர் நின்னுட்டு." ஒரு சக்கரம் முடிந்தது. விரித்திருந்த சாக்கை இழுத்துக்கொண்டு அவர் வலதுபக்கம் நகர்கிற சத்தம், ஒரு முனகல், ஐம்பத்தாறு வயது இடுப்பு. சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு, முகம் பார்க்க வேண்டியதில்லை, இதைவிட வசதி கிடைக்காது. என்ன சொல்வது? உண்மை ரொம்பச் சின்னது, ஒரு கரண்டி அளவுதான். இந்த மாச ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பழையகாயல் பள்ளிக்கூடத்திலிருந்து, அவள் தையல் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து, காரை எடுத்து வரும்போது பிரேக் பெடல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போயிற்று. தையல் மிஷின் மிதித்த கால், எது எவ்வளவு இறங்குகிறது என்று அதற்குத் தெரியும். மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் அவர் காரைக் கழுவி முடித்துக் குளிக்கப் போனபோது முன்மூடியைத் திறந்து பார்த்தாள். ஆயில் கோட்டுக்குக் கீழே ரெண்டு விரல் இறங்கியிருந்தது. ஷெட் அலமாரியில் பாட்டில் இருந்தது. ஊற்றினாள், கோடு வரைக்கும், சுத்தமாக. பெடல் சரியாகிவிட்டது. அவளுக்கு அன்று இருந்த பெருமை! அடுத்த சனி மறுபடி குறைந்திருந்தது, மறுபடி ஊற்றினாள். அதற்கடுத்த சனியும். மாதா படத்துக்கு முன்னால் இருக்கிற விளக்கில் எண்ணெய் இறங்குமுன் ஊற்றுகிறவள், குழம்பு வற்றினால் ஊற்றுகிறவள், இட்டிலிப் பானையில் தண்ணீர் சத்தம் மாறினால் ஊற்றுகிறவள். குறைந்தால் ஊற்ற வேண்டும். எங்கே போகிறது என்று கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார், முழுசாக இருக்கும், "ஒரு நூல் எறங்கல" என்பார், இவள் சட்னியை வைத்தபடி உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

"மிதி, ஜெசி. தூங்கிட்டியா?" "இல்ல." மிதித்தாள். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால், கேட்கத்தான் போகிறார்கள், அதற்கும் பதில் இருக்கிறது, அந்தப் பதில்தான் ரொம்பக் கேவலமாக இருக்கிறது. நாற்பத்தேழாம் வயதில் அவள் கார் ஓட்டப் படித்தாள். அவர்தான் படித்துக்கொடுத்தார், அதாவது பக்கத்தில் உட்கார்ந்து கத்தினார். ஒரு வருஷத்தில் கிளட்ச் தேய்ந்துபோயிற்று. வண்டிக்கு வயசாகியும் இருக்கலாம். ஆனால் அடுத்த கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், கஸ்பார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "டீச்சரம்மா கிளட்ச் மேல கால நட்டு வச்சிக்கிட்டுத்தான் ஓட்டுவாவ, வண்டிதான் பாவம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ரசத்தை இலையில் வாங்கிக்கொண்டே. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஒரு பேச்சுக்குச் சொன்னார், மறுநாளே மறந்தும் போனார். அவள் மறக்கவில்லை. பிரேக் ஆயில் குறைகிறதென்றால் அடுத்த பந்தியில் பிரேக் கதை வரும். அதற்காகத்தான். ஒரு பந்திச் சிரிப்புக்குப் பயந்து மூன்று சனிக்கிழமை ஊற்றினாள், மகள் தாடையில் தையல் விழுந்தது. இதை எந்த வாயால் சொல்வது என்று நினைத்தபோது கால் லேசாகத் தளர்ந்தது, உடனே இறுக்கிக்கொண்டாள்.

"விடு. எறங்கி வந்து ஆயில் டப்பாவப் பாரு. கொறஞ்சிருந்தா ஊத்து, அடிவரைக்கும் போக விட்டிராத." இறங்கினாள். முன்மூடி திறந்தே இருந்தது. டப்பாவில் பாதி. பாட்டில் பக்கத்திலேயே இருந்தது, அதே பாட்டில், அவள் ஊற்றிய பாட்டில். மூடியை இடதுகையால் திருகினாள், வழக்கம்போல, வழக்கம் என்ற சொல் மனசில் வந்ததும் கை நின்றுவிட்டது. ஊற்றினாள். "சிந்தாமப் பாத்து ஊத்து, பெயிண்ட தின்னுரும் அது" என்றது கீழேயிருந்து. "ஏற்கெனவே ஒரு எடத்துல தின்னுருக்கு, டப்பாவுக்குப் பக்கத்துல, பாரு." பார்த்தாள். பத்துப் பைசா அளவுக்குப் பெயிண்ட் கொப்புளித்து உரிந்திருந்தது. ரெண்டாவது சனிக்கிழமை. குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டு அவசரத்தில் சிந்தியது, முந்தானையால் துடைத்தது. "நான்தான் சிந்தியிருக்கேன்" என்றார் கஸ்பார், ஏதோ வானிலை சொல்கிற குரலில். "எப்ப ஊத்துனேன், எப்ப சிந்துனேன், ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. ஊத்துனது ஞாபகம் இல்லன்னா பாத்தது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்? முழுசா இருந்துச்சுன்னு நானா நெனச்சிக்கிட்டேன் போல." ஜெசிந்தா மூடியை இறுக்கினாள். "இல்லங்க" என்றாள். "என்ன இல்ல?" "ஒண்ணுமில்ல. ஊத்திட்டேன்." மறுபடி வந்து உட்கார்ந்தபோது சீட் அனலாகச் சுட்டது.

"மிதி." மிதித்தாள். "பிடி." பிடித்தாள். காலையில் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு குட்டி நோட்டு இருந்தது. கடை சாமான் சீட்டு என்று நினைத்துத்தான் பிரித்தாள். கேட் பூட்டியாச்சு, ரெண்டு தரம் பாத்தேன். காஸ் அடைச்சாச்சு. காலை மாத்திரை போட்டாச்சு. ரின்சி சிநேகிதி பேர் உடனே வரல, பெறகு வந்துச்சு, பிளெசில்டா. அவருடைய அழகான கணக்குப்பிள்ளை எழுத்தில், வரி வரியாக. ஈரக் கையோடு துவைகல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். லாசர் அண்ணன் இப்படித்தான். கஸ்பாரின் அண்ணன், மணப்பாட்டில் போட் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர், ஐம்பத்தெட்டாவது வயதில் கதவைப் பூட்டினேனா பூட்டினேனா என்று கேட்க ஆரம்பித்தார், ரெண்டு வருஷத்தில் கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுபோன தம்பியைப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டார். திரும்பி வரும்போது கஸ்பார் அறுபது கிலோமீட்டரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தேதி போட்டு எழுதியிருந்தார். ஞாயிறு 4, ஆயில் முழுசு, நல்லாப் பாத்தேனா? ஞாயிறு 11, ஆயில் முழுசு, நல்லாப் பாத்தேனா? ஞாயிறு 18, ஆயில் முழுசு, நல்லாப் பாத்தேனா? அதற்குக் கீழே, வியாழன் 22, பிரேக் பிடிக்கல, தப்பு என் பேர்ல. ஜெசிந்தாவுக்கு அந்தக் கேள்விக்குறிகளைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. நல்லாத்தான் பார்த்தார். உலகத்திலேயே அந்த டப்பாவை அவ்வளவு நன்றாகப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

மூன்றாவது சக்கரம், முன்னால் இடதுபக்கம். பெடல் இப்போது முன்னைப்போல அமிழவில்லை, பாதியில் கெட்டிப்படத் தொடங்கிற்று. தொடை நோக ஆரம்பித்தது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். சொன்னால் என்ன நடக்கும் என்று ஒரு தரம் ஒழுங்காக யோசித்துப் பார்க்கலாம். கத்துவார். கத்தட்டும். சாவியை வாங்கி வைத்துக்கொள்வார், மறுபடி ஐந்தே முக்கால் பஸ், பழையகாயல் ஸ்டாப்பில் இறங்கி ஒன்றரை மைல் நடை, அதுவும் ஆகட்டும். ரின்சிக்குத் தெரியும். ரின்சி ஒன்றும் சொல்லமாட்டாள், தாடையைத் தடவிக்கொள்வாள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது, அதுதான் அதில் இருக்கிற சுகம். கார் ஓடும். அவர் பின்சீட்டில் உட்கார்ந்து வருவார். நோட்டு நிறையும், இன்னொரு நோட்டு வாங்குவார். ஒரு நாள் எழுதினேனா என்று அந்த நோட்டையே ரெண்டு தரம் பார்ப்பார். இல்லாத ஒரு நோயை ஒரு மனுஷனுக்குக் கொடுக்க முடியுமா? முடியும் போலிருக்கிறது, அதற்கும் கரண்டி அளவு ஆயில் போதும். "விடு" என்றார். விட்டாள். "நல்லா மிதிக்க, ஜெசி" என்றார், கீழேயிருந்து, அசதியும் திருப்தியுமாக. "ஒரு தரம்கூட முந்தி விடல பாத்தியா? இதுக்குத்தான் நம்ம ஆளு வேணும்ங்கிறது."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாலாவது சக்கரம், வலதுபக்கம் முன்னால், அவள் கால்மாட்டிலேயே. கதவு திறந்திருந்ததால் அவருடைய காலும் அழுக்குக் கைலியும் தெரிந்தன. "மிதி. பிடி." பிடித்தாள். ஸ்பேனர் திறந்தது, பெடல் மெல்ல இறங்கித் தரையில் நின்றது. அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னாள்: "என்னங்க, ஆயில் முழுசாத்தான் இருந்துச்சு. நீங்க பாத்தது சரி. நான்தான் ஊத்தி வச்சேன்." நிறுத்தாமல் தொடர்ந்தாள். "சனிக்கிழம சனிக்கிழம நீங்க குளிக்கப் போனப்போ. கொறஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நான் நெரப்பிக்கிட்டே இருந்தேன். மூணு வாரம். பெயிண்ட்ல சிந்துனதும் நான்தான். கிளட்ச்சு மாதிரி இதையும் நாலு பேருக்கு முன்ன சொல்லிருவீங்கன்னு உங்ககிட்ட மறச்சிட்டேன்." வாயில் இருந்தது எல்லாம் வந்துவிட்டது. ஐஸ்காரன் மணி அடுத்த தெருவில் கேட்டது. காலுக்குக் கீழே திறந்த குழாய், எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், தொடை வெடவெடவென்று ஆடியது, ரெண்டு கையாலும் முழங்காலை அமுக்கிக்கொண்டாள். "பிடிச்சிருக்கியா?" என்றார் கஸ்பார். "பிடிச்சிருக்கேன்." ஸ்பேனர் திரும்பியது. "விடு" என்றார். பிறகு, "மிதி" என்றார். இன்னும் ஆறு தரம் மிதி, பிடி, விடு என்றார், அதே குரலில், கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. காற்றை உள்ளே விட்டுவிட்டு எழுந்து வருகிற மனுஷன் இல்லை அவர். கடைசி மிதியில் பெடல் பாதிகூட இறங்கவில்லை, காலுக்குக் கீழே கல்லாக நின்றது.

வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். அவளைப் பார்க்காமல் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, நுரைக்காத தண்ணீரில், விரல் விரலாகக் கை கழுவினார். உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அந்த நோட்டும் பேனாவும் இருந்தன. காரின் முன்பக்கம் சாய்ந்து நின்று, "என்னென்ன தேதி?" என்றார். "மூணு, பத்து, பதினேழு." "அப்ப நாலாந்தேதி நான் பாக்கும்போது முழுசா இருந்துச்சு." "இருந்துச்சு." "பதினொண்ணு." "முழுசு." "பதினெட்டு." "முழுசுங்க." பேனாவைத் திறந்து, நல்லாப் பாத்தேனா என்பதை முதல் வரியில் அடித்தார். அடிஸ்கேல் வைத்ததுபோல நேராக. ரெண்டாவது வரியில் அடித்தார். மூன்றாவதில் அடிக்கும்போது கோடு வளைந்துபோயிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு செம்பருத்தியைப் பார்த்தார். தோள் ரெண்டு தரம் குலுங்கியது. அவள் கிட்டே போனாள், தொடவில்லை. "புள்ள உள்ள இருந்தா, ஜெசி" என்றார். "தெரியும்." "தெரியும்னு சொல்லாத." அவர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. "ஊத்துனது சரி, எதுக்குக் கொறயுதுன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? நான் அவ்வளவு மோசமாவா பேசிருதேன்?" என்றார். அவள் உண்மையைச் சொல்கிற நாளாக இருந்ததால், "சில நேரம் பேசுவீங்க" என்றாள்.

கடைசி வரியில் பேனா நின்றது. வியாழன் 22, பிரேக் பிடிக்கல, தப்பு என் பேர்ல. அதையும் அடித்துவிடுவார், அடித்துவிட்டு அங்கே அவள் பெயரை எழுதுவார் என்று காத்திருந்தாள், எழுதட்டும் என்றுதான் நின்றாள். "இது இருக்கட்டும்" என்றார். "போர் தண்ணிய அடிச்சு அடிச்சுத் துருப்பிடிக்க வச்சவன் நான்லா." நோட்டை மூடப்போனார். ஜெசிந்தா கையை நீட்டினாள். அவர் புரியாமல் பார்த்துவிட்டு நோட்டைக் கொடுத்தார், பேனாவையும். முன்மூடியைச் சாத்தி அதன் மேல் வைத்து, அவருடைய வரிக்குக் கீழே, பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் போடுகிற மாதிரி முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் குனிந்து வாசித்தார். சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். ரின்சியிடம் கொடுப்பதற்காகச் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்த சாவி. ரிப்பனை அவிழ்த்துவிட்டு ஷெட் ஆணியில், இருபத்திரண்டு வருஷமாகத் தொங்குகிற இடத்தில், மாட்டினார். கேட்டுக்கு வெளியே ரின்சியின் ஸ்கூட்டர் வந்து நின்று ரெண்டு தரம் ஹாரன் அடித்தது. "நீயே சொல்லிரு" என்றார். "சொல்லிருதேன்" என்று ஜெசிந்தா கேட்டைத் திறக்கப் போனாள்.